ஆட்சி நீங்க வேண்டும் என்று ஜெபித்த ஞாயிறு



கிறிஸ்தவ ஆலயத்துக்கு ஒரு ஞாயிறாவது போனவர்களுக்குத் தெரியும். ஆராதனையின் நடுவே மற்றவர்களுக்காக ஜெபிக்கும் நேரம் ஒன்று உண்டு. நோயாளிகள், விதவைகள், வேலை தேடுகிறவர்கள், பிரயாணம் போகிறவர்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதில் குடியரசுத் தலைவர், பிரதமர், முதலமைச்சர், அதிகாரத்தில் உள்ள எல்லோரும் தவறாமல் இருப்பார்கள். கத்தோலிக்கர்கள் இதை மன்றாட்டு என்பார்கள், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் விண்ணப்பம் அல்லது வேண்டுதல் என்பார்கள். பெயர் எதுவானாலும் பழக்கம் ஒன்றுதான்.

நம் பயிலரங்குகளில் இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "நம்மை நசுக்குகிற அதிகாரத்துக்காக நாமே ஏன் ஜெபிக்க வேண்டும்?" கேட்பவர்களில் சிலர் ஆலயத்தில் பிறந்து வளர்ந்த தலித் கிறிஸ்தவ மாணவர்கள். சிலர் அம்பேத்கரையும் பெரியாரையும் படித்துவிட்டு, மதமே வேண்டாம் என்று வெளியே நிற்பவர்கள். இரு தரப்பும் கேட்கிற கேள்வி நியாயமானது. அதற்கு இறையியல் பதில் சொல்ல நான் போதகர் கிடையாது. சமூகவியல் படித்த களப்பணியாளராக என்னால் ஒரு வரலாற்றைச் சொல்ல முடியும். 1985 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, தென்னாப்பிரிக்காவில் நடந்தது அது. அன்று பல சபைகள் தங்கள் ஆட்சியாளர்களுக்காக ஜெபித்தன. "இவர்களைப் பதவியிலிருந்து நீக்கும்" என்று ஜெபித்தன.

அந்த ஞாயிறுக்கு வருவதற்கு முன் இந்தப் பழக்கத்தின் வேரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பேரரசனுக்காக, பேரரசனிடம் அல்ல

புதிய ஏற்பாட்டில் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் கடிதத்தின் இரண்டாம் அதிகாரம்தான் இதற்கு அடிப்படை. எல்லா மனிதர்களுக்காகவும், அரசர்களுக்காகவும், அதிகாரத்தில் உள்ளவர்களுக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்று அது சொல்கிறது. நோக்கம் என்ன? அமைதியாக, தொல்லையில்லாமல் வாழ வேண்டும் என்பது. உரோமப் பேரரசின் கீழ், எந்த அதிகாரமும் இல்லாத ஒரு சிறுபான்மைக் கூட்டம் எழுதிய வரி இது என்பதைக் கவனியுங்கள்.

யூதர்களிடம் இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. எருசலேம் ஆலயத்தில் உரோமப் பேரரசனின் நலத்துக்காகப் பலி செலுத்தப்பட்டு வந்தது. அவனைக் கடவுளாக வணங்க மாட்டோம், அவனுக்காக எங்கள் கடவுளிடம் வேண்டுகிறோம் என்ற ஏற்பாடு அது. கி.பி. 66-இல் அந்தப் பலியை நிறுத்தினார்கள். உரோமுக்கு எதிரான பெரும் கலகத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அந்த நிறுத்தத்தையே குறிப்பிடுகிறார். அதாவது ஆளுகிறவனுக்காக வேண்டுவதை நிறுத்துவதும் ஓர் அரசியல் அறிவிப்பாக அன்றைக்கே புரிந்துகொள்ளப்பட்டது.

சுமார் கி.பி. 197-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன் இதே வாதத்தைக் கிறிஸ்தவர்கள் சார்பில் வைத்தார். பேரரசனுக்காக ஜெபிக்கிறோம், பேரரசனிடம் ஜெபிக்க மாட்டோம் என்பது அதன் சாரம். கேட்க அடக்கமாக இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு வெடி இருக்கிறது. ஒருவனுக்காக ஜெபிக்கிறோம் என்றால் அவனுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவனும் பதில் சொல்ல வேண்டியவன் என்று அர்த்தம்.

நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் வந்தபின் நிலைமை தலைகீழானது. ஒடுக்கப்பட்டவர்களின் உயிர்காக்கும் வேண்டுதலாக இருந்தது, அரசின் சடங்காக மாறத் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தில் அரசருக்கான ஜெபம் அச்சிட்ட கட்டாய வாசகமானது. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை அறிவித்த 1776 ஜூலை 4 அன்றே, பிலடெல்பியாவின் கிறைஸ்ட் சர்ச் ஆலய நிர்வாகக் குழு கூடி, அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கான ஜெபத்தை நீக்கத் தீர்மானித்தது. புத்தகத்தில் அந்த வரிகள் பேனாவால் அடிக்கப்பட்டன. ஜெபத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது நாட்டில் யார் ஆட்சி என்பதற்கான சாட்சியாகிவிட்டது.

ஆதிக்கக்காரர்களின் ஜெபம்

இப்போது தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். அங்கே நிறவெறி ஆட்சி பைபிளைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தது.

1838 டிசம்பர் 16-இல் 'இரத்த ஆறு' என்று பின்னால் பெயர் பெற்ற இடத்தில் டச்சு வம்சாவளிக் குடியேறிகள் ஜூலு மக்களோடு போரிட்டார்கள். வெற்றி கொடுத்தால் அந்த நாளை ஆண்டுதோறும் புனித நாளாகக் கொண்டாடுவோம், ஆலயம் கட்டுவோம் என்று போருக்கு முன் கடவுளிடம் பொருத்தனை செய்திருந்தார்கள். துப்பாக்கிக்கு எதிரே ஈட்டியோடு நின்ற ஜூலு மக்களில் சுமார் 3,000 பேர் கொல்லப்பட்டனர். அந்த நாள் பின்னாட்களில் அரசு விடுமுறையாகவும், பொருத்தனை நாளாகவும், வெள்ளையர்களே கடவுள் தேர்ந்தெடுத்த மக்கள் என்று மேடை போட்டுப் பேசும் நாளாகவும் ஆனது. அங்கே நடந்த ஜெபத்தின் மறுபக்கத்தில் கிடந்த சடலங்களுக்காக யாரும் வேண்டுதல் செய்யவில்லை.

1857-இல் வெள்ளையரின் டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை ஒரு தீர்மானம் போட்டது. எல்லோரும் சேர்ந்து வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் "சிலருடைய பலவீனத்தை" முன்னிட்டுத் தனித்தனியாக வழிபடலாம் என்றது. யாருடைய பலவீனம்? கறுப்பின மக்களோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க முடியாத வெள்ளையரின் பலவீனம். 1881-இல் கலப்பின மக்களுக்கென்று தனிச் சபையே அமைக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் பார்த்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. சலுகையாகத் தொடங்கியது, பிறகு வழக்கமாகி, கடைசியில் கடவுளின் சித்தமாகிவிடும்.

1948-இல் நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்து நிறவெறியைச் சட்டமாக்கியது. அதன் முதல் பிரதமர் டி.எஃப். மலான் அந்த டச்சு சீர்திருத்தச் சபையின் போதகராக இருந்தவர். அந்தச் சபைகளில் ஞாயிறுதோறும் ஆட்சியாளர்களுக்காக ஜெபம் நடந்தது. ஞானம் கொடும், பாதுகாப்புக் கொடும், நிலைத்திருக்கச் செய்யும் என்று.

ஆளப்பட்டவர்களின் ஜெபம்

ஆளப்பட்டவர்களும் ஜெபித்தார்கள். அவர்களுடைய பட்டியல் வேறு.

1897-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்த ஈனோக் சொன்டோங்கா, கோசா மொழியில் ஒரு பாட்டு எழுதினார். ஆண்டவர் ஆப்பிரிக்காவை ஆசீர்வதிக்க வேண்டும் என்று கேட்கும் பாட்டு. பிறகு கவிஞர் எம்கயி அதோடு பல சரணங்களைச் சேர்த்தார். தங்கள் குலத் தலைவர்கள், பொதுவாழ்வில் இருப்பவர்கள், இளைஞர்கள், பெண்கள், விவசாயம் என்று அந்தச் சரணங்கள் வேண்டிக்கொண்டே போகின்றன. வடிவத்தில் இதுவும் தலைவர்களுக்கான ஜெபமேதான். ஆனால் எந்தத் தலைவர்கள்? லண்டனில் உட்கார்ந்திருந்த அரசர் அந்தப் பட்டியலில் இல்லை. 1912-இல் பின்னாளைய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தொடங்கப்பட்ட கூட்டத்தில் இந்தப் பாட்டைப் பாடினார்கள். போராட்டக் கூட்டங்களிலும் சவ ஊர்வலங்களிலும் பாடினார்கள். இன்று அது தென்னாப்பிரிக்காவின் தேசிய கீதத்தின் ஒரு பகுதி.

இன்னொன்று 'மன்யானோ' என்ற பெண்கள் ஜெபச் சங்கங்கள். மெதடிஸ்ட் மன்யானோ பெண்கள் சிவப்பு மேற்சட்டையும் கறுப்புப் பாவாடையும் அணிந்து வியாழக்கிழமை மதியங்களில் கூடுவார்கள். ஏன் வியாழன்? வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்களுக்கு அன்று மதியம்தான் விடுப்பு. மற்ற நாட்களில் அடுத்தவர் பிள்ளையை வளர்த்து, அடுத்தவர் துணியைத் துவைத்தவர்கள் அன்றைக்கு ஒருவருக்காக ஒருவர் வாய்விட்டு ஜெபித்தார்கள். புத்தகம் பார்த்து வாசிக்கிற ஜெபம் இல்லை. ஒருத்தி எழுந்து, தன் மகன் கைதானதையோ, பிள்ளை காய்ச்சலில் கிடப்பதையோ சொல்லி அழுவாள். மற்றவர்கள் அதைத் தங்கள் வேண்டுதலாக எடுத்துக்கொள்வார்கள்.

வரலாற்றாசிரியர்கள் சிலர் இதைப் போராட்டம் என்று ஏற்க மாட்டார்கள். நான் ஏற்பேன். நம் குடியிருப்புகளில் சுயஉதவிக் குழு கூட்டம் நடத்தியவர்களுக்குத் தெரியும். ஒரு பெண் தன் துன்பத்தைப் பத்துப் பேர் முன் பெயர் சொல்லிப் பேசுகிற நாள்தான் அமைப்பு பிறக்கிற நாள். மன்யானோ பெண்களுக்கு அந்த இடத்தை ஜெபம் கொடுத்தது.

1985: ஒரே ஆண்டில் இரண்டு காட்சிகள்

1976 ஜூன் 16-இல் சொவேட்டோவில் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆதிக்கவாதிகளின் மொழியான ஆப்பிரிக்கான்ஸைக் கட்டாயப் பயிற்றுமொழியாக்கியதை எதிர்த்து அந்த ஊர்வலம். காவல்துறை சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சனின் உடலை ஒரு மாணவர் தூக்கிக்கொண்டு ஓடும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்து வந்த மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதன்பின் ஒவ்வொரு ஜூன் 16-உம் ஆலயங்களில் நினைவு வழிபாட்டு நாளானது. கூட்டம் கூடவே தடை இருந்த நாட்டில், கூடுவதற்கு மிஞ்சியிருந்த இடங்களில் ஆலயம் முக்கியமானது.

1982-இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டணி, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது 'மார்க்கபேதம்' என்று அறிவித்தது. நிறவெறியை ஆதரித்த வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. அதே கூட்டத்தில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆலன் புசாக். 1881-இல் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தக் கலப்பின மக்களின் சபையைச் சேர்ந்த போதகர், அப்போது வயது 36. அடுத்த ஆண்டு, 1983-இல், ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவாகக் குரல் கொடுத்தவரும் அவரே.

அந்த நேரத்தில் அரசு ஒரு தந்திரம் செய்தது. புதிய அரசமைப்பின்படி நாடாளுமன்றத்துக்கு மூன்று அவைகள். வெள்ளையருக்கு ஒன்று, கலப்பின மக்களுக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எதுவும் இல்லை. இந்தியர் என்றால் அதில் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வாரிசுகளும் அடக்கம். ஒடுக்கப்பட்டவர்களைப் படிப்படியாகப் பிரித்து, மேல்படியில் இருப்பவனுக்கு ஒரு துண்டு எறிகிற வேலை. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை நினைவுக்கு வரும். 1984 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மட்டுமே வாக்களித்தார். மற்றவர்கள் அந்தத் துண்டை எடுக்கவில்லை.

1985 மார்ச் 21. ஷார்ப்வில் படுகொலையின் 25-ஆவது நினைவு நாள். 1960-இல் அங்கே 69 பேர் சுடப்பட்டு இறந்திருந்தார்கள். அதே தேதியில் யூட்டன்ஹேக் அருகே லாங்கா குடியிருப்பில் சவ அடக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தின் மீது காவல்துறை சுட்டு, குறைந்தது 20 பேரைக் கொன்றது.

இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 7, ஈஸ்டர் ஞாயிறு. நாட்டின் மிகப் பெரிய கறுப்பினத் திருச்சபையான சீயோன் கிறிஸ்தவச் சபையின் மொரியா நகர்ப் பெருவிழாவுக்கு ஜனாதிபதி பி.டபிள்யூ. போத்தா விருந்தினராக வந்தார். லட்சக்கணக்கான கறுப்பின விசுவாசிகள் முன்னால் நின்று, ரோமர் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிப் பேசினார். சபை அவரைக் கௌரவித்தது.

அந்தச் சபை மக்களை நான் இகழ மாட்டேன். சுரங்கத்திலும் சமையலறையிலும் உழைத்த ஏழைகள் அவர்கள். அரசோடு மோதினால் தங்கள் வழிபாட்டு இடமும் பறிபோகும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருந்தால் அது நியாயமானதே. தீமோத்தேயு கடிதத்தின் "அமைதியாக வாழ" என்ற நோக்கத்தை இங்கே பார்க்கலாம். கேள்வி போத்தாவைப் பற்றியது. இரத்தம் காய்வதற்குள் அவருக்கு எதற்காக ஒரு ஆலய மேடை தேவைப்பட்டது? துப்பாக்கியால் மட்டும் ஆள முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இது முதல் காட்சி. இரண்டாவது, பத்து வாரம் கழித்து வந்தது.

ஜூன் 16

சொவேட்டோ எழுச்சியின் பத்தாம் ஆண்டு தொடங்குகிற நாளான 1985 ஜூன் 16-ஐ, அநீதியான ஆட்சி முடிவுக்கு வர வேண்டும் என்ற ஜெப நாளாகக் கடைப்பிடிக்கத் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றம் அழைத்தது. இந்த யோசனையை முன்னெடுத்தவர்களில் முதன்மையானவர் புசாக். அழைப்போடு ஓர் இறையியல் விளக்கமும் வெளிவந்தது. அதன் வாதத்தை என் சொற்களில் சுருக்குகிறேன். ஆட்சியாளர்களுக்காக இத்தனை காலம் ஜெபித்தோம், வேதம் சொன்னபடி. அவர்களோடு உட்கார்ந்து பேசினோம். நிறவெறி கடவுளுக்கு விரோதமானது என்று அறிவித்தோம். அவர்கள் மாறவில்லை. இனி இந்த ஒடுக்குமுறை அமைப்பு நீங்கி, நீதியான ஆட்சி வர வேண்டும், பிடிவாதமாக அநீதி செய்கிறவர்கள் அதிகாரத்திலிருந்து அகற்றப்பட வேண்டும் என்று ஜெபிப்போம்.

பெரிய கூச்சல் எழுந்தது. அரசை ஆதரித்தவர்கள் இதைத் தேசத்துரோகமாகப் பார்த்ததில் ஆச்சரியமில்லை. நிறவெறியைக் கண்டித்துவந்த சபைத் தலைவர்கள் சிலரும் பின்வாங்கினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. நிறவெறி தவறு என்று அறிக்கை விட அவர்கள் தயார். போராட்டத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்யத் தயார். "இந்த ஆட்சி போகட்டும்" என்று பலிபீடத்தின் முன் சொல்வது மட்டும் முடியவில்லை. ஆட்சியாளர்கள் மனந்திரும்ப ஜெபிக்கலாமே, நீக்கும்படி ஏன் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வி நமக்கும் பழக்கமானது. "அவங்க மனசு மாறணும்னு ஜெபிங்க" என்பது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒடுக்குமுறையை ஒரு சில மனிதர்களின் கெட்ட மனசாக இது சுருக்கிவிடுகிறது. நிறவெறி என்பது போத்தாவின் மனசில் இருந்த கோளாறு கிடையாது. நிலச்சட்டம், அடையாளச் சீட்டுச் சட்டம், குடியிருப்புச் சட்டம், பாடத்திட்டம், சுரங்கக் கூலி எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. ஒரு போத்தா மனந்திரும்பினாலும் அடுத்த போத்தா அதே நாற்காலியில் உட்காருவார். ஜூன் 16 ஜெபம் மனிதர்களைப் பற்றியும் பேசியது, அமைப்பைப் பற்றியும் பேசியது. எனக்கு அதன் முக்கியத்துவம் அங்கேதான் தெரிகிறது. பழைய ஏற்பாட்டின் சங்கீதங்களில் ஒடுக்கப்பட்டவர்கள் நீதி கேட்டு அலறும் பாடல்கள் நிறைய உண்டு. அந்த அலறலை ஆலயத்தில் பொது ஜெபமாக மீண்டும் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இது சாபமா? இல்லை என்றே நினைக்கிறேன். ஒருவன் அழிய வேண்டும் என்பது வேறு, அவன் கையில் இருக்கும் சவுக்கு பறிக்கப்பட வேண்டும் என்பது வேறு. சவுக்கு பறிக்கப்படுவது அவனுக்கும் நல்லதுதான்.

திங்கட்கிழமை என்ன நடந்தது?

ஐந்து வாரத்தில், ஜூலை 20-இல், போத்தா 36 மாவட்டங்களில் அவசரநிலை அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டனர். நெல்சன் மண்டேலா இருந்த போல்ஸ்மூர் சிறைக்கு ஊர்வலம் போக அழைப்பு விடுத்த புசாக் ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார்.

செப்டம்பரில் 150-க்கும் மேற்பட்ட போதகர்களும் இறையியலாளர்களும் கையெழுத்திட்ட 'கெய்ரோஸ் ஆவணம்' வெளிவந்தது. கெய்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் தீர்மானமான தருணம். நாட்டில் மூன்று வகை இறையியல் இருப்பதாக அது பிரித்துக் காட்டியது. ரோமர் 13-ஐக் காட்டி ஆட்சியை நியாயப்படுத்துவது அரசு இறையியல். நீதி கிடைக்குமுன்பே சமரசம் பேசுவது சபை இறையியல். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்று பேசுவது தீர்க்கதரிசன இறையியல். மாணவர்கள் இந்தப் பகுப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மதத்துக்கும், கட்சிக்கும், ஏன் தொண்டு நிறுவனங்களுக்கும்கூட இது பொருந்தும்.

1988 பிப்ரவரியில் 17 மக்கள் அமைப்புகளின் செயல்பாட்டுக்கு அரசு தடை விதித்தது. சில நாட்களில் டெஸ்மண்ட் டுட்டு, புசாக், பிராங்க் சிக்கானே உள்ளிட்ட சபைத் தலைவர்கள் மனுவோடு கேப் டவுன் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். ஊர்வலத்தின் மீது தண்ணீர் பீரங்கி அடித்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 இரவு, ஜோஹன்னஸ்பர்க்கில் திருச்சபைகள் மன்றத்தின் தலைமையகமான கோட்ஸோ ஹவுஸில் குண்டு வெடித்தது. கோட்ஸோ என்றால் சமாதானம். குண்டு வைத்தது அரசின் காவல்துறையே. 1989-இல் மன்றத்தின் பொதுச் செயலாளர் சிக்கானேயின் துணிகளில் நஞ்சு தடவிக் கொல்ல முயன்றார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஜெபம் வெறும் வாய்ச்சொல் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெறும் வாய்ச்சொல்லுக்கு யாரும் குண்டு வைப்பதில்லை.

அதே சமயம் ஜெபம் மட்டுமே நிறவெறியை வீழ்த்தியது என்று சொன்னால் அது பொய். வேலைநிறுத்தங்கள், பள்ளிப் புறக்கணிப்புகள், வாடகை மறுப்புகள், தலைமறைவு இயக்கம், உலக நாடுகளின் பொருளாதாரத் தடை எல்லாம் சேர்ந்தே 1994 ஏப்ரல் 27 தேர்தலைக் கொண்டுவந்தன. ஜெபம் செய்தது வேறொரு வேலை. ஆட்சிக்குக் கடவுளின் அங்கீகாரம் இருக்கிறது என்ற எண்ணத்தைச் சாதாரண மக்களின் மனசிலிருந்து பிடுங்கியது.

எதிரிக்காக, நம் தலைவர்களுக்காக

கோட்ஸோ ஹவுஸ் குண்டுவெடிப்பின்போது சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்தவர் அட்ரியான் வ்லோக். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் அந்தக் குண்டுவெடிப்பில் தன் பங்கை ஒப்புக்கொண்டு பொதுமன்னிப்புப் பெற்றார். 2006-இல் சிக்கானேயின் அலுவலகத்துக்குத் தானாகப் போய், மன்னிப்புக் கேட்டு, அவர் கால்களைக் கழுவினார். உலகமெங்கும் செய்தியானது. பலர் நெகிழ்ந்தார்கள், சிலர் நாடகம் என்றார்கள். கதை அங்கே முடியவில்லை. 2007-இல் சிக்கானேயைக் கொல்ல முயன்ற வழக்கில் வ்லோக் நீதிமன்றத்தில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. தண்டனை போதாது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனாலும் கால் கழுவியதோடு வழக்கை மூடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

துன்புறுத்துகிறவர்களுக்காக ஜெபியுங்கள் என்று இயேசு சொன்னது உண்மை. புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று அவர் சொன்னதாக எங்கும் இல்லை. ஒரு தாக்குதலுக்குப் பிறகு நம் குடியிருப்புக்கு வந்து, ஜெபித்துவிட்டு, கூடவே சமாதானமாகப் போகச் சொல்கிறவர்களிடம் இந்த வித்தியாசத்தைப் பணிவாகக் கேளுங்கள். ஜெபம் செய்யட்டும். முதல் தகவல் அறிக்கையும் பதிவாகட்டும்.

இன்னொரு பாடம் நமக்குக் கசப்பானது. ஜூன் 16 ஜெபத்தை முன்னெடுத்த அதே புசாக், 1999-இல் வெளிநாட்டு நன்கொடைப் பணத்தில் முறைகேடு செய்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு, பின்னர் சிறை சென்றார். தான் குற்றமற்றவர் என்றே அவர் சொல்லிவந்தார். 2005-இல் ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்தது. அவருடைய போராட்டம் இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் தலைவர்களுக்காக ஜெபிப்பது என்றால் அவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று தெர்த்துல்லியன் காலத்திலேயே அர்த்தம் இருந்தது. அது நம் தலைவர்களுக்கும் சேர்த்துத்தான். மாலை போட்டுக் கட்அவுட் வைப்பது அவர்களுக்காக வேண்டுவது ஆகாது, கணக்குக் கேட்பதும் அன்பின் வேலைதான்.

நம் பட்டியலை யார் எழுதுவது?

1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்று வந்தது. பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுத்த அந்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரை வெளியே தள்ளியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. சாதியின் அடியைத் தலித் கிறிஸ்தவர் வாங்கலாம், அந்த அடிக்கு எதிரான சட்டப் பாதுகாப்பை வாங்க முடியாது. ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகப் பல சபைகள் கடைப்பிடிக்கின்றன. நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறும் உண்டு.

அந்த நாட்களில் நடக்கிற ஜெபங்களைக் கவனித்துக் கேளுங்கள். பல இடங்களில் "தலித் மக்களுக்காக ஜெபிப்போம்" என்று வரும். யார் யாருக்காக? சபையில் பாதிக்கு மேல் தலித் மக்களாக இருக்கும்போது, தலித் மக்கள் எப்படி அந்த "மற்றவர்கள்" பட்டியலுக்குப் போனார்கள்? ஜெபத்தை எழுதியவர் தன்னை எங்கே நிறுத்திக்கொண்டார் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். சபையின் கல்லறையைப் பற்றியும், பங்குப் பேரவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் அந்த ஜெபத்தில் ஒரு சொல்லும் இருக்காது.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, நம்மில் பலருக்குப் பரட்டை அண்ணன், இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டவர். வழிபாட்டு முறையையே நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் எழுதினார். மக்கள் தங்கள் சொற்களில் கேட்கத் தொடங்கினால் கேட்கிற பொருளும் மாறும் என்பதை அவர் பாடல்களைப் பாடிய கிராமத்துச் சபைகள் அறியும்.

எனவே, ஆலயத்துக்குப் போகிற தோழர்களுக்கு ஒரு வேலை. வரும் ஆகஸ்ட் 10-ஐ ஒட்டிய ஞாயிறுக்கு, உங்கள் வாலிபர் சங்கமே மன்றாட்டு வாசகத்தை எழுதித் தரட்டும். குடியரசுத் தலைவருக்காக ஜெபியுங்கள், அந்த மூன்றாம் பத்தி நீங்கும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் அதே வாசகத்தை மனுவாக்கி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். சபைக் கமிட்டி மறுத்தால், எந்த வரியை வாசிக்கக் கூடாது என்று சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள். 1985-இல் தயங்கியவர்கள் யார் என்பதும் அப்படித்தான் வெளியே தெரிந்தது.

ஆலயத்துக்குப் போகாத தோழர்கள் அந்த மனுவில் கையெழுத்துப் போட வாருங்கள்.